பச்சைப் பிள்ளை, பச்சைச் சுவர்

"பிள்ளையைக் குளிப்பாட்டாமலேயே கையில் கொடுத்துவிட்டார்களே, இதென்ன ஆஸ்பத்திரி?" என் மகன் காரைக்குடியில் பிறந்த அன்று அப்பத்தா இதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவர் காலத்தில் பிள்ளை பிறந்த கையோடு வெந்நீர் விளாவி, பயத்தமாவு போட்டுத் தேய்த்து, பளிச்சென்று துடைத்துத்தான் நாலு பேருக்குக் காட்டுவார்களாம். இங்கேயோ நர்ஸ் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, பிள்ளையை வெற்றுடம்போடு என் நெஞ்சில் படுக்கவைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போய்விட்டார். முதுகிலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வெண்ணெய் அப்பினாற்போல் ஒரு பிசுக்கு. அப்பத்தாவின் கண் முழுக்க அதில்தான் இருந்தது.

அந்தப் பிசுக்குக்கு மருத்துவத்தில் வெர்னிக்ஸ் என்று பெயர். கருவில் இருக்கும் கடைசி மூன்று மாதங்களில் பிள்ளையின் தோல் தனக்குத் தானே பூசிக்கொள்வது அது. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். மீதியில் கொழுப்பும் புரதமும் பாதிக்குப் பாதி. மாதக்கணக்கில் தண்ணீரில் மிதந்தும் தோல் ஊறிப்போகாமல் இருப்பது இந்தப் பூச்சினால்தான். வெளியே வந்த பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. தோலின் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களும் அதில் உண்டு. பிறந்து 24 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழக்கம் விடாது என்றால் 6 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறது. உடல் சூடும் இதில் ஒரு காரணம். ஈர உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த பிள்ளை சோர்ந்துபோய்ப் பால் குடிக்கவும் சுணங்கும்.

இதை அப்பத்தாவுக்கு விளங்கவைக்க எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஊர்ச் சுவர்தான். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பழைய வீட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும்: சுவர் இன்னும் கண்ணாடி போல வழவழவென்று இருக்கும், கையை வைத்தால் சில்லென்று இருக்கும். செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பல தடவையாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, தேய்த்து மெருகேற்றிய சுவர். பூச்சு இறுகும் வரை கொத்தனார் யாரையும் பக்கத்தில் விடமாட்டார். "சுவர் இன்னும் பச்சையா இருக்கு, சாயாதீங்க" என்பார். பிறந்த பிள்ளையையும் நாம் பச்சைப் பிள்ளை என்றுதான் சொல்கிறோம். பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. காயாதது, இறுகாதது என்ற பொருளில் அந்தச் சொல் பிள்ளையின் தோலுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

தோலின் மேலடுக்கை ஆய்வாளர்களும் செங்கல் சுவராகத்தான் விளக்குகிறார்கள். தட்டையான செத்த செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியே இருப்பது உள்ளே நுழையாமலும் காப்பது அந்தச் சாந்து. பிள்ளைக்கு இந்த அடுக்கு பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மெல்லியது. தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சும், அதே வேகத்தில் இழக்கும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் தோலின் மேற்பரப்பு லேசான புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும் (எண் ஏற ஏறப் புளிப்பு குறையும்). அந்தப் புளிப்பில்தான் சாந்தைத் தயாரிக்கும் நொதிகள் ஒழுங்காக வேலை செய்யும், கெட்ட கிருமிகளும் பெருகாது. பிறந்த அன்று பிள்ளைத் தோலில் இந்தப் புளிப்பு இருப்பதில்லை. பிஎச் 6-க்கு மேல் இருக்கும். முதல் சில வாரங்களில் மெல்ல இறங்கி வருகிறது. சுவர் முழுதாகத் தேறி நிற்க ஒரு வருடமாவது பிடிக்கும்.

எடையோடு ஒப்பிட்டால் பிள்ளையின் தோல் பரப்பும் நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல். மேலே பூசுவது உள்ளே போகும் கணக்கு அதற்கேற்ப ஏறிவிடுகிறது. 1972-ல் பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. தோல் வழியாகவே உள்ளே போய் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். "மேலேதானே பூசுகிறோம், உள்ளுக்கா கொடுக்கிறோம்" என்ற நம் ஆறுதல் பச்சைப் பிள்ளையிடம் செல்லாது.

சரி, குளியலுக்கு வருவோம். எங்கள் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டவென்றே கைப்பழக்கம் உள்ள அம்மாக்கள் உண்டு. முற்றத்தில் மணை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, அந்தக் கால்களின் மேலேயே பிள்ளையைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வழுக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு திண்டாடுவதைவிட இந்தக் கால் தொட்டில் பத்திரம் என்பது என் எண்ணம். தண்ணீரின் சூட்டில்தான் முதல் தகராறு. "சுருக்குன்னு ஊத்தினாத்தான் பிள்ளை அசந்து தூங்கும்" என்பார்கள். தூங்குவது உண்மைதான், அழுத களைப்பும் அதில் சேர்த்தி. சுடுநீர் சாந்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. உடம்புச் சூடு, அதாவது 37 டிகிரி. ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட வேண்டும். தொப்புள்கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். ஒன்றிரண்டு வாரத்தில் கொடி தானாகக் காய்ந்து விழும். அதன் மேல் சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். விழுந்த கொடியைத் தாயத்தில் போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றின் ருசி ஒரு பெருமை. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும் வீடுகள் ஏராளம். அந்தக் கடினநீரில் சோப்பு போட்டால் நுரைக்குப் பதில் திரிதிரியாகத் திரளும். அந்தத் திரி பிள்ளைத் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் மூன்று மாதக் குழந்தைகளை வைத்து நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், கடினநீர்ப் பகுதிகளில் கரப்பான், அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்சிமா, அதிகமாகத் தெரிந்தது. அதற்காகத் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்க ஓட வேண்டாம். ஏற்கெனவே கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு அந்த இயந்திரம் பலன் தரவில்லை என்று 2011-லேயே அதே நாட்டில் பார்த்துவிட்டார்கள். சோப்பைக் குறைப்பதுதான் கைக்கு எட்டும் வழி. செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் கொட்டும் மழைநீரை அண்டா அண்டாவாகப் பிடித்துவைத்த காலம் ஒன்று உண்டு. மழைநீரில் கடினம் கிடையாது. இப்போது பல முற்றங்களுக்குத் தகரக் கூரை போட்டாயிற்று.

சோப்பு என்றால் எந்தச் சோப்பு என்று கேட்பார்கள். சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும்; புளிப்பை இப்போதுதான் எட்டிப்பிடிக்கும் தோலை அது மறுபடி பின்னுக்குத் தள்ளும். சின்டெட் என்று மருத்துவர்கள் எழுதித் தரும் கட்டிகளும் திரவங்களும் இந்தக் காரம் இல்லாதவை. எதுவானாலும் வாசனை குறைவாக இருக்கட்டும். கழுத்து மடிப்பு, அக்குள், அடிப்பாகம் இவற்றுக்குப் போட்டால் போதும். நாள் முழுக்கத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் கை கால் எல்லாம் நுரைக்க வேண்டிய அழுக்கு எங்கிருந்து வரப்போகிறது?

"அப்போ மாவு?" பயத்தமாவு சோப்பைவிடச் சாது, அதை ஒப்புக்கொள்கிறேன். பயறிலேயே லேசாக அழுக்கை எடுக்கும் தன்மை உண்டு. தொந்தரவு அதன் பருபருப்பில்தான். எவ்வளவு சலித்தாலும் மாவு மாவுதான். பச்சைச் சுவரில் உப்புத்தாள் போட்டது மாதிரி. மடிப்பில் தங்கி ஊறிப் புளித்தால் அங்கே புண். கடையில் நலங்கு மாவு என்று கட்டித் தருவதில் இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதில் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று பத்துப் பதினைந்து சரக்கு. பல வீட்டுக் கணக்கில் கார்போகரிசியும் சேரும். கார்போகரிசியில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளிக்கு மருந்தாகப் பயன்படுவது அதனால்தான்: அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் சிவந்து கருக்கும், கொப்புளமும் வரலாம். காலையில் மாவு தேய்த்து, உடனே பிள்ளையை வெயிலில் காட்டும் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

மாவின் பின்னால் இருக்கும் உண்மையான ஆசையைச் சொல்லிவிடுகிறேன். நிறம். சுத்தம் என்று வாய் சொல்லும். தேய்க்கும் கை நிறத்துக்காகத் தேய்க்கும். பிறந்த பிள்ளை சிவப்பாகத் தெரிவது மெல்லிய தோல் வழியே ரத்த ஓட்டம் தெரிவதால்தான். நிறமி ஊற ஊற, சில மாதங்களில் அதன் சொந்த நிறம் வரும். கிழவிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் "காது மடலைப் பாரு, அதுதான் வரப்போற நிறம்" என்கிறார்கள். தெரிந்துகொண்டே தேய்க்கிறோம். முடி விஷயமும் இதேதான். தோளிலும் முதுகிலும் இருக்கும் பூனைமுடியை எடுக்க மாவை எண்ணெயில் உருட்டி உருட்டி இழுப்பார்கள். சில வாரங்களில் தானாக உதிரப்போகும் முடி அது. உருட்டினால் முடியோடு சேர்ந்து மேலடுக்கும் வரும். முடிக்கால்களில் சீழ்ப்பொட்டு கட்டும். மார்பு லேசாக வீங்கியிருந்தால் பிதுக்கிப் "பால் எடுப்பது" இதைவிட ஆபத்து. தாயின் ஹார்மோன் தந்த வீக்கம் அது, தானாக வடியும். பிதுக்கினால் கட்டி வந்து, கத்தி வைக்க வேண்டிய நிலைமைக்குப் போகும்.

எண்ணெயில் எனக்கும் அப்பத்தாவுக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. நல்ல எண்ணெய் சாந்துக்குத் துணை நிற்கும். எல்லா எண்ணெயும் நல்லதா என்பதுதான் கேள்வி. எண்ணெய்களில் ஒலியிக் அமிலம், லினோலியிக் அமிலம் என்று இரண்டு வகைக் கொழுப்பைக் கவனிக்க வேண்டும். ஒலியிக் அதிகமானால் சாந்தைக் குழப்பிவிடும். லினோலியிக் சாந்துக்கு உரம். ஆலிவ் எண்ணெயில் முக்கால் பங்கு வரை ஒலியிக்தான். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களின் கையில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் பூசிப் பார்த்தபோது தோலின் தடுப்பு பலவீனமானது; சூரியகாந்தி எண்ணெய் பூசிய தோல் அப்படி ஆகவில்லை. பங்களாதேஷில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியதில் ஆஸ்பத்திரியில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்தன. 2005-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆக, பேர்பெற்ற ஆலிவ் எண்ணெய்க்காகச் சிங்கப்பூர் மாமாவிடம் சொல்லி அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

நம் எண்ணெய்கள்? தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம், ஒலியிக் பத்து சதவீதத்துக்கும் கீழே. கிருமியை அடக்கும் குணமும் உண்டு. வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசுவதில் பயமில்லை. செக்கு நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலியிக் இரண்டும் ஏறக்குறைய சமம். நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம். கடலை எண்ணெயை மட்டும் சமையல்கட்டிலேயே விட்டுவிடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, கரப்பான் இருந்த தோலில் கடலை எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவியதோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது என்று 2003-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். வாய் வழியாகப் போனால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் உணவை, விரிசல் விட்ட தோல் வழியாகச் சந்தித்தால் எதிரியாக எண்ணிவிடுகிறது.

எண்ணெயைவிட அதன் வரிசைதான் எனக்கு வேடிக்கை. குளிக்கும் முன் எண்ணெயைக் குளிர்க்கக் குளிர்க்கத் தேய்ப்பதும் நாமே, அதை எடுக்கவென்று மாவைப் போட்டுத் தேய்ப்பதும் நாமே. குளித்து, ஒற்றித் துடைத்து, உடம்பு ஈரப்பசையோடு இருக்கும்போதே எண்ணெயையோ மருத்துவர் சொன்ன களிம்பையோ மெல்லியதாகத் தடவினால் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். இந்த ஒரு மாற்றத்துக்கு அப்பத்தா மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். இதிலும் மிகையாக நம்பிவிடக்கூடாது: தினமும் களிம்பு பூசினால் கரப்பானே வராது என்ற எண்ணத்தை 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து, தடுக்கவில்லை என்று 2020-ல் இங்கிலாந்தில் அறிவித்துவிட்டார்கள். வறண்ட தோலுக்கு இதம், அவ்வளவுதான். உச்சந்தலையில் பொடுகு போலத் தடித்துக் கட்டும் செதிலுக்கும் எண்ணெய் ஊறவைத்து, மெல்லச் சீவி, அலசி எடுத்துவிட வேண்டும். அப்படியே குளிர்ச்சிக்கு என்று விட்டால் அந்தச் செதிலில் வாழும் பூஞ்சைக்கு விருந்து. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது மட்டும் எந்த எண்ணெயானாலும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்த பிள்ளைகள் உண்டு.

சித்திரை, வைகாசி வந்தால் எங்கள் சீமையில் பிள்ளைகளுக்கு வேர்க்குரு வராமல் இருந்தால்தான் செய்தி. வியர்வைச் சுரப்பிகள் பிறக்கும்போதே எண்ணிக்கையில் முழுசாக இருக்கும், குழாய்கள்தான் முதிர்ந்திருக்காது. அடைபட்ட வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து சிவந்த பொட்டுகளாக எழும்பும். பவுடரைக் கொட்டினால் அடைப்பு இன்னும் கூடும், கெட்டி எண்ணெய்க்கும் இதே பதில்தான். டால்கம் தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கும் கேடு. உலகப் புகழ்பெற்ற ஜான்சன் குழந்தைப் பவுடரே 2023-ல் உலகம் முழுக்க டால்க்கை விட்டுச் சோளமாவுக்கு மாறிவிட்டது. வேர்க்குருவுக்கு வேண்டியது காற்றோட்டம், தளர்ந்த பருத்தித் துணி, நாளுக்கு இரண்டு தடவை வெறும் தண்ணீர். நுங்குத் தண்ணீர் தடவும் பழக்கம் பாவம், ஒன்றும் செய்யாது. குளிர்ச்சிதான் அதன் மருந்து. தடவினால் பிசுபிசுக்க விடாமல் அலசிவிடுங்கள். சந்தனம் வீட்டில் கல்லில் உரைத்ததா, பாக்கெட்டில் வந்ததா என்பதைப் பொறுத்தது. பாக்கெட் பொடியில் வாசனையும் சாயமும் இருக்கும்.

துணி விஷயத்தில் பழைய ஆட்கள் சொன்னதே சரி. ஏணைக்கும் கோவணத்துக்கும் பழைய கண்டாங்கியைக் கிழிப்பார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தக் கண்டாங்கிச் சேலை புதிதில் முரடு. பத்து வருடம் துவைத்துக் காய்ந்தபின் வியர்வையை வாங்கிக் காற்றை விடும் மெத்துத் துணி. ஆனால் அது எங்கே இருந்து வருகிறது? பெட்டியிலிருந்து. பெட்டிக்குள் பாச்சை உருண்டை. நாப்தலீன் வாசனை ஏறிய துணியை அப்படியே போர்த்தியதில், ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசனை அறவே போன பிறகு எடுங்கள். பிள்ளை துணிப் பெட்டியில் அந்த உருண்டை வேண்டவே வேண்டாம்.

டயப்பர் புண்ணுக்கு டயப்பரை மட்டும் குறை சொல்வது முழு உண்மை ஆகாது. சிறுநீரும் மலமும் சேர்ந்திருக்கும்போது தோலின் புளிப்பு போய்விடுகிறது. அந்தக் காரத்தில் மலத்தின் நொதிகள் விழித்துக்கொண்டு தோலைத் தின்னும். துணிக் கோவணத்திலும் ஈரத்தோடு விட்டால் இதே கதைதான். அடிக்கடி மாற்றி, தண்ணீரில் கழுவி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, ஜிங்க் ஆக்சைடு களிம்பைக் கெட்டியாக அப்பினால் பெரும்பாலும் ஆறிவிடும். இரண்டு மூன்று நாளில் ஆறாமல் மடிப்புக்குள் செக்கச்செவேலென்று பரவி, ஓரத்தில் குட்டிக் குட்டிப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை, மருந்து வேறு.

அரைஞாண் கயிற்றையும் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கயிறு ஈரம் காயாமல் இடுப்பைச் சுற்றி ஒரு கோடாக அறுத்திருக்கும். வசம்பைக் கோத்துக் கையில் கட்டினால் பிள்ளை அதைச் சப்பும். பேர் சொல்லாதது என்று நாம் மரியாதை கொடுக்கும் அந்த வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968-லேயே தடை போட்டது. மை வேண்டுமென்றால் கன்னத்தில், காலில் ஒரு பொட்டோடு நிறுத்துங்கள். கண்ணுக்குள் வேண்டாம், கடை மைகளில் ஈயம் இருந்த கதைகள் உண்டு. சாம்பிராணிப் புகை தோலுக்கு ஒன்றும் செய்யாது, மூச்சுக்குத்தான் செய்யும். கற்பூரம் கலந்த எண்ணெயும், வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவரும் மென்தால் தைலமும் பச்சைப் பிள்ளை பக்கமே வரக்கூடாது. கற்பூரம் வலிப்பு வரவைக்கும். மென்தால் மூச்சுத் திணறவைக்கும்.

பிள்ளை உடம்பில் வரும் பல அடையாளங்களுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாளில் கொசு கடித்த மாதிரி சிவந்து, நடுவில் வெள்ளைப் புள்ளியோடு வரும் தடிப்பு நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இடுப்புக்குக் கீழே நீலமாகத் தெரியும் திட்டு அடிபட்டதில்லை. நம் பிள்ளைகளிடம் சர்வசாதாரணம், சில வருடங்களில் மங்கும். பயப்பட வேண்டியது கொப்புளங்களுக்கு. நீர் கோத்து, உடைந்து, தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் "அக்கி" என்று காவியில் எழுதிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைகளிடம் அது பெரும்பாலும் கிருமித்தொற்றுச் சிரங்கு, ஆன்டிபயாடிக் தேவைப்படும். அம்மை என்று முடிவுகட்டி வேப்பிலையோடு உள்ளே உட்காருவதற்கும் முன்னால், பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்குக் கொப்புளமோ சீழ்ப்பொட்டோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

மருந்துக்கடையில் "பிள்ளைக்கு அரிப்பு" என்று சொன்னதும் எடுத்து நீட்டும் கலவைக் களிம்புகளில் பல, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் ஒன்றாகச் சேர்ந்தவை. இரண்டே நாளில் சிவப்பு அடங்கும்; அதுதான் வினை. அதையே வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ஸ்டீராய்டு உடம்புக்குள் இறங்கும். டயப்பர் மூடிய இடத்தில் இன்னும் வேகமாக. 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடைகளும் இருக்கின்றன, கேட்காமல் வாங்கும் நாமும் இருக்கிறோம்.

கடைசியாக மஞ்சள். மஞ்சள் பூசிய பிள்ளை உடம்பில் மஞ்சள் காமாலை தெரியாது. போதாக்குறைக்குத் தீட்டு என்று தாயையும் பிள்ளையையும் வெளிச்சம் வராத உள்ளறையில் வைத்துவிடுகிறோம். எங்கள் வீடுகளில் அந்த அறைகள் பட்டப்பகலிலும் இருட்டுத்தான். பிறந்த முதல் வாரத்தில் தினமும் ஒரு தடவை பிள்ளையை முற்றத்துக்குத் தூக்கிவந்து, பகல் வெளிச்சத்தில், எதுவும் பூசாத உடம்பில், நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுக்காமல் மஞ்சளாகத் தெரிந்தால் காமாலை. அது தலையில் தொடங்கிக் கீழே இறங்கும். முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்துவிட்டாலோ வெயிலில் காட்டி நேரம் போக்கக்கூடாது. அதற்கு ஆஸ்பத்திரியில் நீல விளக்கு இருக்கிறது. அதன் ஒளிதான் காமாலைச் சத்தைக் கரையவைத்து வெளியேற்றும். முற்றத்து வெளிச்சம் கண்டுபிடிக்க மட்டும்தான்.